பறவைகள் ஆங்கிலத்தோடு வந்த ஆண்டு

கிளுவைநேரிக் குளத்துக்குப் பறவைகள் ஆங்கிலச் சொற்களோடு வந்து இறங்கிய ஆண்டு எது என்பதில் இக்கதையைச் சொல்வோரிடையே ஒற்றுமை இல்லை. குளம் நிரம்பி வழிந்து மறுகால் மூன்று முறை பாய்ந்த ஆண்டு என்பது வடக்குத் தெருவின் பாடம். பஞ்சாயத்து அலுவலகத்துக்குச் சுற்றுச்சுவர் எழும்பிய ஆண்டு என்பது தெற்குத் தெருவின் பாடம். இரண்டும் ஒரே ஆண்டுதான், மறுகால் பாய்ந்து பழைய சுவர் விழுந்ததால்தான் புதுச்சுவர் எழும்பியது என்பது மடையைத் திறந்து அடைக்கிறவரின் சமரசம். பதினொருவர் வாயால் கேட்டு எழுதிவைத்திருக்கும் நான் இவற்றில் எதையும் தள்ளவில்லை. ஏனெனில் பதினொருவரும் ஒருமித்துச் சொல்கிற செய்தி ஒன்று உண்டு: ஐப்பசி அமாவாசை கழிந்த நான்காம் நாள் காலையில், பேருந்து நிற்கும் புளியமரத்தின் உச்சிக் கிளையில் அவ்வாண்டின் முதல் கூழைக்கடா வந்து அமர்ந்து, அலகுப் பையிலிருந்த நீரை உதறி, நாலு திசையும் பார்த்து, கனத்த குரலில் "மேக்னிஃபிசன்ட்" என்றது, மரத்தடியில் புல்லுக்கட்டோடு நின்றிருந்த பெண் அண்ணாந்து பார்த்து, ஆண்டுதோறும் சொல்வதைப் போலவே, "வா தாயி, மெலிஞ்சு போயிட்டியே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் வியக்காததில் வியப்பில்லை. கிளுவைநேரியில் பறவைகள் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த மகள்கள். அவை வரும் காலம் நெருங்கிவிட்டால் தீபாவளியே ஆனாலும் அங்கே ஒரு வெடி வெடிக்காது. கல்யாண ஊர்வலத்தின் மேளமும் நாதசுவரமும் ஊர் எல்லைக் கல்லோடு உறைக்குள் போய்விடும். மாப்பிள்ளை வீட்டார், வெளியூர்க்காரர்களாக இருந்தால், ஏதோ துக்கவீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தயங்கி நிற்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், மகள் வேற்றுமொழி பேசிக்கொண்டு வந்தால் அதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? "பம்பாய்க்குக் கட்டிக் குடுத்த பிள்ள இந்தி பேசிக்கிட்டு வரலியா? இதுக எந்தத் தேசத்துக்கு வாக்கப்பட்டுதுகளோ, அந்தத் தேசத்துப் பேச்சு" என்று சொல்லி, ஊர் அந்த விவகாரத்தை அன்று மத்தியானத்துக்குள் முடித்துவிட்டது.

அடுத்தடுத்த நாட்களில் மற்றவையும் வந்தன. கரண்டிவாயன்கள் கூட்டமாக இறங்கி, சேற்றை அளைந்துகொண்டே "டிலைட்ஃபுல், டிலைட்ஃபுல்" என்றன. நீர்க்காகங்கள் எதைப் பார்த்தாலும் "அட்ரோஷஸ்" என்று முகம் சுளித்தன. சங்குவளை நாரைகள், பிற ஆண்டுகளில் அலகைத் தட்டுவதைத் தவிர வேறு ஓசை அறியாதவை, அவ்வாண்டு மாலை வெயிலில் ஒற்றைக் காலில் நின்று "லூமினஸ்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தன. முக்குளிப்பான் என்ற சின்னஞ்சிறு பறவை முங்கி முங்கி எழும் ஒவ்வொரு முறையும், நீருக்கு வெளியே இவ்வளவு பெரிய உலகம் இருப்பதை அப்போதுதான் கண்டதுபோல, "ஃப்ளாபர்காஸ்டட்!" என்று கூவியது. அகராதியோடு கரையில் மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட எமிலி டீச்சர், ஊர்ப்பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக ஆங்கிலம் நடத்துகிறவர், வந்திருப்பவை அத்தனையும் வருணிக்கும் சொற்கள்தாம், பெயர்ச்சொல்லோ வினைச்சொல்லோ ஒன்றுகூட இல்லை என்று கண்டறிந்தார். "ஊறுகா மட்டும் வந்திருக்கு, சோறு வரல" என்பது அவர் பஞ்சாயத்துத் தலைவரிடம் அளித்த அறிக்கை.

"சோறு நம்மகிட்ட இருக்கே டீச்சர்" என்றார் தலைவர்.

அவர் யோசிக்காமல் சொன்ன அந்தப் பதில் மார்கழியில் பலித்தது. கிளுவைநேரி தன் பறவைகளை மகள்களாகப் பார்ப்பதற்குப் பாசம் ஒரு காரணம், எச்சம் இன்னொரு காரணம். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் கரைந்து பச்சையாகிக் கிடக்கும் குளத்து நீர் மடை வழியே வயலுக்கும் கொல்லைக்கும் பாய்வதால், அவ்வூரில் உரமூட்டை வாங்குகிற வழக்கமே கிடையாது. அவ்வாண்டு அந்த நீரில் சொற்களும் கரைந்திருந்தன. முதலில் காய்த்தது கத்தரி. கீழத்தெருப் பொன்னுலிங்கம் வீட்டில் முதல் கத்தரிக்காய் வதங்கியது. அவன் ஒரு வாய் உண்டான், விரலைச் சூப்பினான், மனைவி மாரிக்கிளியைப் பார்த்து, "எக்ஸ்க்விசிட்" என்றான்.

"என்னத்தச் சொன்னிய?" என்று கேட்ட மாரிக்கிளி, கேட்டு முடிக்குமுன்பே அதன் பொருள் தனக்குத் தெரிந்திருப்பதை உணர்ந்தாள், உப்போடு கரிப்பும் சேர்ந்தே வருவதுபோல, சொல்லோடு அதன் பொருளும் சேர்ந்தே வந்துவிட்டது. அவள் காது மடல் சிவந்ததாக மூன்று பாடங்களும், கரண்டியைக் கீழே போட்டதாக ஐந்து பாடங்களும் சொல்கின்றன.

மாசியில் பிசான நெல் அறுவடையாகிப் புத்தரிசி பொங்கியபோது, சொற்கள் வீடு தவறாமல் விளைந்தன. குளத்தை ஒட்டிய மேலவயல் அரிசியில் புகழும் சொற்கள் மிகுதி. நீர்க்காகங்கள் அடையும் கருவேலமரங்களின் நிழலிலிருந்து நீர் பாயும் கீழவயல் அரிசியில் ஏசும் சொற்கள் மிகுதி. ரேஷன் கடை வரிசையில், "நடுவுல பூந்தா எப்படி? பிரிபாஸ்டரஸ்!" என்று ஒருத்தி சீற, "யாரப் பாத்து பிரிபாஸ்டரஸ்ங்க? நீதாம்ளா ரிடிகுலஸ்! ஒங்க மாமியாளக் கேளு, அவளும் அதத்தான் சொல்லுவா!" என்று இன்னொருத்தி எகிற, எமிலி டீச்சர் அழைக்கப்பட்டு, இரண்டு சொற்களில் எது பலமானது என்று தீர்ப்புக் கூற வேண்டியதாயிற்று. அதன்பின் பஞ்சாயத்து கூடி, கல்யாணப் பந்தியில் கீழவயல் அரிசி பொங்கக் கூடாது என்றும், சம்பந்திகள் முதன்முறை சந்திக்கும் வீடுகளில் ஒரு வாரம் முன்பிருந்தே மேலவயல் அரிசிதான் பொங்க வேண்டும் என்றும் தீர்மானித்தது. துணைவி போனபின் பதினாறு ஆண்டுகளாக மாலை வேளையில் தனக்கு என்ன செய்கிறது என்று யாருக்கும் விளக்கத் தெரியாதிருந்த மடைக்காரர் ஒருநாள் கஞ்சி குடித்துவிட்டு, "மெலன்கலி" என்று நிதானமாகச் சொல்லி, அன்று பல காலத்துக்குப் பிறகு அயர்ந்து உறங்கினார்.

நகரத்திலிருந்து ஆங்கிலப் பயிற்சி நிலையத்தார் இருவர் வேன் கொண்டுவந்து எட்டு மூட்டை வாங்கிப் போனதும் உண்டு. ஆனால் வேறு ஊர்த் தண்ணீரில் வெந்தபோது அது வெறும் அரிசியாகவே இருந்தது. அரிசி நன்றாக இருந்ததாக மட்டும் அவர்கள் கடிதம் எழுதினார்கள்.

இப்படி ஊரே நாக்கு மலர்ந்து நின்ற காலத்தில் ஒரே ஒருவனுக்கு மட்டும் எதுவும் விளையவில்லை. அவன் பெயர் மாசானம். வனத்துறையின் கீழ் அக்குளத்துக்குப் பறவைக் காவலனாக இருந்தவன்; ஐம்பது வயது; சர்க்கரை நோய் கண்டதிலிருந்து அரிசியை விட்டு மூன்று வேளையும், தொட்டுக்கொள்ளக் காய்கூட இல்லாமல், கடைக் கோதுமைக் கஞ்சி மட்டுமே குடிப்பவன். காற்றில் கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளைப் பொறுக்கிவந்து, கரையோரக் கொட்டகையில் வைத்து, ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளை ஊட்டி வளர்த்து, இறகு முற்றியதும் மரத்தில் கொண்டுபோய் விடுவது அவன் வேலை. அவனைப் பற்றி ஊரில் குறை சொல்ல எவருமில்லை, மனைவி செல்லக்கனியைத் தவிர. அவளுக்கும் ஒரே ஒரு குறைதான். மாசானத்தின் வாயில் எதைப் பற்றியும் வரக்கூடிய உச்சமான பாராட்டு, "பரவாயில்ல" என்பதாக இருந்தது.

செல்லக்கனி தையற்காரி. ஊரின் ரவிக்கைகளில் முக்கால்வாசி அவள் வெட்டியவை. அளவு நாடாவைத் தோளில் போட்டபடியே கோயிலுக்கும் போய்விடுவாள். அவ்வாண்டுப் பொங்கலுக்கு, வாழ்நாளில் முதன்முறையாக, ஓர் ஆண்சட்டை தைத்தாள். காலர் அவளை நான்கு நாள் படுத்தியது. இரண்டு முறை பிரித்தாள். மூன்றாம் முறை அது கழுத்தில் புறா உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்தது. கத்தரிக்காயிலும் வெண்டைக்காயிலுமாக அதற்குள் சொல் விளைந்திருந்த அண்டை வீட்டார் ஒவ்வொருவராக வந்து பார்த்து, எலிகன்ட் என்றும் எக்ஸ்க்விசிட் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். பொங்கலன்று காலை மாசானம் அதைப் போட்டுக்கொண்டான்.

"சட்ட எப்படி இருக்கு?" என்றாள் செல்லக்கனி.

மாசானம் கண்ணாடியைப் பார்த்தான். காலரைத் தொட்டான். தொண்டையைச் செருமினான். தெருவே காது கொடுத்து நின்றது.

"பரவாயில்ல" என்றான்.

செல்லக்கனி அழவில்லை, இதிலும் பாடபேதம் கிடையாது. பொங்கல் பானையை இறக்கினாள், அவனுக்குக் கோதுமைக் கஞ்சியை ஆற்றிவைத்தாள், கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும் எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"இருவத்திரண்டு வருசம்" என்றாள். "கல்யாணச் சேல பரவாயில்ல. மக பொறந்தா, பரவாயில்ல. அவ நர்சிங் படிக்க எடம் கெடச்சது பரவாயில்ல. எங்கப்பா சாவுக்கு வந்த கூட்டமும் பரவாயில்ல. குளத்துல நிக்க கரண்டிவாயன் சேத்தப் பாத்து டிலைட்ஃபுல்லுங்குது. சேத்துக்கு இருக்க யோகம் எனக்கு இல்லியா?"

"கனி..."

"ஒரு சொல்லு. பரவாயில்லங்கிறதுக்கு மேல, உங்க வாயில இருந்து, ஒரே ஒரு சொல்லு வரட்டும், அந்த நிமிசமே திரும்பி வாரேன். வரலன்னா வைகாசி விசாகத்துக்கு மறுநாள் தம்பி குடும்பத்தோட திருப்பூருக்கு பஸ் ஏறிருவேன். அங்க கம்பெனியில டெய்லர் வேல தாராவளாம். நல்லா தச்சா நல்லாருக்குன்னு சொல்லுதாவளாம்."

அவள் தம்பி, முன்பு கத்தரிக்காயைப் புகழ்ந்த அதே பொன்னுலிங்கம். தையல் இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது அவன் மாசானத்தைப் பார்த்து, "அத்தான், ஒரு சொல்லுதானே, கடனாக் குடுக்கச் சொன்னாலும் குடுப்பேன். ஆனா அக்கா ஒங்க வாயில இருந்துல்லா கேக்கா" என்றான்.

ஊர் இதைச் சும்மா விட்டுவிடவில்லை. கத்தரியும் வெண்டையும் காய்த்து ஓய்ந்துவிட்டதால், மாசானத்துக்குச் சொல் விளைய வேண்டுமானால் அவன் மேலவயல் அரிசியை உண்ண வேண்டும், உண்டால் சர்க்கரை ஏறும். எது பெரிது என்று பஞ்சாயத்தில் ஒரு மாலை முழுக்கப் பேசினார்கள். முடிவெடுக்கும் வரை மாசானம் காத்திருக்கவில்லை. பங்குனி பிறந்ததும் நான்கு நாள், நேரத்துக்கு ஒரு தட்டாக, மேலவயல் புத்தரிசிச் சோறு உண்டான். ஐந்தாம் நாள் காலை நாக்கில் ஏதோ உருண்டது. பொங்கல் சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு தெரு தாண்டி மைத்துனன் வீட்டு வாசலில் போய் நின்றான். செல்லக்கனி இயந்திரத்தை நிறுத்தினாள். மாரிக்கிளி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"மேக்னிஃபிசன்ட்" என்றான் மாசானம்.

செல்லக்கனி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இதத்தான் நேத்து முட்டைக்காரன் இந்த ஜாக்கெட்டு ஊக்கப் பாத்துச் சொல்லிட்டுப் போனான்" என்றாள். "ஊரு முச்சூடும் சொல்லுத சொல்லு. புளியமரத்துல ஒக்காந்து கூழக்கடா சொன்னது, வயலு அத வாங்கிச் சொல்லிச்சு, இப்ப உங்க வயிறு சொல்லுது. நீங்க எப்பச் சொல்லுவிய?"

"சோத்துல வந்தாலும் சொல்லு சொல்லுதானே மைனி?" என்று மாரிக்கிளி இடையில் புகுந்தாள்.

"எளவட்டப் பிள்ளைக்கு அது போதும். எனக்குக் காணாது" என்று சொல்லி, செல்லக்கனி மிதியை மறுபடி மிதித்தாள்.

அன்று மாலை சுகாதார நிலையத்து நர்ஸ் மாசானத்தின் விரலில் ஊசி குத்திப் பார்த்து, கீழவயல் அரிசியில் விளைந்த ஏழு சொற்களை வரிசையாக அவன்மேல் பிரயோகித்தாள். அவன் கோதுமைக் கஞ்சிக்குத் திரும்பினான்.

செல்லக்கனி கேட்டது மிகையல்ல என்பதை ஊரும் அந்நாட்களில் உணரத் தொடங்கியிருந்தது. காலையில் குடித்த காப்பி சப்லைம், மத்தியானத் துவையல் சப்லைம், பேருந்து பத்து நிமிடம் தாமதித்து வந்தது சப்லைம் என்றான பிறகு, புகழப்பட்டவர் முகத்தில் முன்பிருந்த சிவப்பு ஏறவில்லை. புதிய சொல்லுக்காகப் பெண்கள் அரிசியை மாற்றிக்கொண்டார்கள். மேலத்தெருவிலிருந்து ஒரு படி, மடையடியிலிருந்து ஒரு படி என்று கலந்து பொங்கிப் பார்த்தார்கள். எமிலி டீச்சர் ரேஷன் கடைப் பலகையில் அன்றன்று விளைந்த சொல்லை எழுதிவந்தார். பங்குனி முடிவில் பலகையை ஏறிட்டுப் பார்க்காமலே வரிசை நகர்ந்தது.

அவ்வாண்டு கோடைக்காற்று சற்றுக் கடுமையானது. கூடுகள் ஆடி, தொண்ணூற்று மூன்று குஞ்சுகள் விழுந்தன. ஒவ்வொன்றையும் மாசானம் பொறுக்கிவந்து கொட்டகையில் சேர்த்தான். நாளொன்றுக்கு மூன்று முறை வாளி நிறையக் கெண்டைக் குஞ்சுகளோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். முன்பெல்லாம் அரை மணி நேரத்தில் வெளியே வருகிறவன் இப்போது இரண்டு மணி நேரம் ஆனாலும் வருவதில்லை. உள்ளிருந்து முணுமுணுப்புக் கேட்டது. இடையிடையே தொண்டைச் செருமல் கேட்டது.

பொன்னுலிங்கம் தமக்கையிடம் சொன்னான்: "அத்தான் கொட்டகைக்குள்ள தன்னால பேசிட்டிருக்காரு."

"சர்க்கர ஏறிருக்கும்" என்றாள் செல்லக்கனி. அவள் கைக்கடியில் தையல் ஒரு விரற்கடை கோணிப் போனதை மாரிக்கிளி பார்த்தாள், அவளிடம் சொல்லவில்லை, பின்னாளில் எனக்குத்தான் சொன்னாள்.

சித்திரையில் நெற்குதிர்கள் வற்றின. புத்தரிசி தீரத் தீர ஊரின் வாயிலிருந்த சொற்களும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நேற்று எக்ஸ்யூபரன்ட் என்றவர் இன்று அந்த இடத்தில் கையை மட்டும் அகல விரித்தார். பெரிய பறவைகள் பயணத்துக்கு இறகு கோதிக்கொண்டு மௌனமாயின. குளத்தில் முக்குளிப்பான் மட்டும் ஓயாமல் வியந்துகொண்டிருந்தது. ஆகவேதான் இன்றும் கிளுவைநேரியில் முங்கி எழுகிறவர்கள் மூச்சு வாங்கியதும் "ஃப்ளாபர்காஸ்டட்" என்று ஒருமுறை சொல்லிவிட்டே தலை துவட்டுகிறார்கள். மாசானத்தின் தொண்ணூற்று மூன்று குஞ்சுகளும் இறகு முற்றி, கொட்டகையை விட்டுக் குளத்தைச் சுற்றியுள்ள மரங்களுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுக்கு இன்னும் குரல் திறக்கவில்லை.

விசாகம் கழிந்தது. மறுநாள் காலை ஒன்பதரை மணிப் பேருந்து புளியமரத்தடியில் வந்து நின்றது. சாக்கில் கட்டிய தையல் இயந்திரம் மேலே ஏறிவிட்டது. பொன்னுலிங்கமும் மாரிக்கிளியும் ஏறிவிட்டார்கள். செல்லக்கனி ஒரு காலைப் படியில் வைத்து, யாருக்காகவோ இல்லை என்பதுபோல், ஒருமுறை கரையைத் திரும்பிப் பார்த்தாள். கரையில் வாளியோடு மாசானம் நின்றுகொண்டிருந்தான், பொங்கல் சட்டையோடு. அவன் வாய் திறந்தது, மூடியது. செல்லக்கனி மற்றக் காலையும் தூக்கினாள்.

அந்நேரத்தில் வடகரைக் கருவேலமரத்திலிருந்து ஓர் இளம் நாரை, வாழ்வில் முதன்முறையாகப் பறந்தெழுந்து, தள்ளாடி, நேராகி, பேருந்தின் மேல் வட்டமிட்டு, மாசானத்தின் குரலிலேயே சொன்னது:

"கனி, சட்ட நல்லாருக்கு."

செல்லக்கனியின் கால் அந்தரத்தில் நின்றது. இரண்டாவது நாரை எழுந்தது: "கனி, சட்ட ரொம்ப நல்லாருக்கு. அதுலயும் அந்தக் காலரு." கீழ்க்கரையிலிருந்து ஒரு கரண்டிவாயன்: "அந்தக் காலரு கழுத்துல இருக்கது, நீ பின்னால நின்னு கை வச்ச மாதிரி இருக்கு." அதற்குள் மரத்துக்கு மரம் இளம்பறவைகள் எழத் தொடங்கிவிட்டன, தொண்ணூற்று மூன்றும் ஆகாயத்தில், ஒவ்வொன்றும், தான் கொட்டகையில் இருந்த நாட்களில் மாசானம் சொல்லிப் பார்த்த பாடத்தை மட்டுமே அறிந்தது, ஆகவே ஒன்றன் பாடம் மற்றதன் பாடத்தோடு ஒக்கவில்லை. வெறுமனே "கனி... கனி..." என்பதற்கு மேல் போகாத பாடம் ஒன்று. முழுக்கத் தொண்டைச் செருமலாகவே அமைந்த பாடம் ஒன்று. "மிஷினு சத்தம் இல்லாம மத்தியானம் கண்ணு மூட மாட்டேங்குது" என்று ஒரு பாடம். ஊரார் வாசலுக்கு வந்தார்கள், மேலே பார்த்தார்கள், ஒருவர் வாயிலும் ஒரு சொல் இல்லை.

"யம்மா, ஏறுதியளா இல்லியா?" என்றார் நடத்துநர்.

"இரும்வே!" என்று பேருந்துக்குள்ளிருந்து ஒருவர் அதட்டினார். "இன்னும் நாலஞ்சு பறவ வருது. கேட்டுட்டுப் போவோம்."

ஓட்டுநர் வண்டியை அணைத்தார். இறுதியாகத் தென்கரை வேம்பிலிருந்து ஒரு கூழைக்கடாக் குஞ்சு, கனத்த உடம்பை அரும்பாடு பட்டுத் தூக்கிக்கொண்டு, எல்லாவற்றிலும் நீண்ட பாடத்தைச் சுமந்து வந்தது. நான் கேட்ட பதினொரு வடிவங்களையும் ஒப்பிட்டு, பெரும்பான்மையோர் சொன்னதை இங்கே தருகிறேன்:

"கனி, எங்கம்மா ஒரு கன்னுக்குட்டிய நல்லாருக்குன்னு சொன்னா, அது மறுநா செத்துப் போச்சு. எந்தங்கச்சி தலமுடிய நல்லாருக்குன்னு சொன்னா, அவளுக்குக் காச்சல் கண்டு முடி கொட்டிப் போச்சு. எனக்கு எது ரொம்பப் பிடிச்சிருக்கோ, அதப் பரவாயில்லன்னுதான் சொல்லுவேன். கண்ணு பட்டுரக் கூடாதுன்னுதான். வேற எதையும் நான் பரவாயில்லன்னு சொன்னதே இல்ல, நெனச்சுப் பாரு."

செல்லக்கனி நினைத்துப் பார்த்தாள். தூக்கிய காலை மறுபடி தரையில் ஊன்றி, பேருந்து முழுவதும் காத்திருக்க, இருபத்திரண்டு ஆண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து விரித்துப் பார்த்தாள்: கல்யாணச் சேலை, மகள், மகளின் படிப்பு, அப்பாவுக்காகத் திரண்டு வந்த கூட்டம், காலர். அடுத்த வீட்டு மாட்டுக்கோ, பஞ்சாயத்துச் சுவருக்கோ, முதலமைச்சரின் படத்துக்கோ, ஒருநாளும் அவன் அந்தச் சொல்லைக் கொடுத்ததில்லை. பிறகு, நான் என் ஏடுகளோடு செய்வதையே அவள் தலைக்கு மேல் பறந்தவற்றோடு செய்தாள்: எது முதற்பாடம், எது திருத்திய பாடம், எங்கே தயங்கியிருக்கிறான், எங்கே துணிந்திருக்கிறான் என்று ஒவ்வொரு பறவையாகப் பார்த்து மனத்துக்குள் அடுக்கினாள். செருமல் மட்டும் உள்ள அந்தப் பாடத்தை, திருத்தி முடிந்த பாடமாக, அவள் கடைசியில் வைத்தாள்.

"மிஷின எறக்கு" என்றாள் தம்பியிடம்.

"அக்கா, டிக்கெட்டு எடுத்தாச்சு."

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. அங்க யாராவது நல்லாருக்குன்னு சொன்னா நான் கேட்டதாச் சொல்லு."

கரையில் மாசானம் வாளியைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு ஆண்டுகள் காத்துவைத்தது அத்தனையும் வெட்டவெளிச்சத்தில், தன் குரலிலேயே, ஊருக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்ததால் அவனுக்கு வேறு மறைவிடம் இல்லை. எமிலி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக வடக்க எந்தத் தேசத்துக்குப் போயி இதச் சொல்லப் போகுதோ, அங்க எந்த டீச்சரு அகராதிய வச்சிக்கிட்டு முழிக்கப் போறாளோ" என்று மடைக்காரரிடம் சொன்னது அப்போதுதான்.

செல்லக்கனி கரையேறி வந்தாள். வாளியை வாங்கிக் கீழே வைத்தாள். அவனைச் சுற்றி ஒருமுறை நடந்து, பின்னால் நின்று, காலரின் மேல் கை வைத்து, இடப்பக்கம் அரை நூல் தூக்கியிருந்ததைத் தடவிச் சரிசெய்தாள். தலைக்கு மேல் தொண்ணூற்று மூன்று பறவைகளும் ஒரே நேரத்தில் ஓய்ந்தன என்று எழுவரும், ஓயவில்லை, அவள் பேச்சு அவற்றினூடே கேட்டது என்று நால்வரும் சொல்கிறார்கள்.

அவள் கேட்டதற்கு இணங்க ஒரு சொல் வந்துவிட்டது. இப்போது அவள் பதில் சொல்ல வேண்டிய முறை. மலர்ந்த முகத்தோடு சொன்னாள் என்பார்கள், கோபம் ஆறாததுபோல் பாவனை செய்தாள் என்பார்கள், சொல்லும்போது அவன் தோளில் ஒரு குத்துக் குத்தினாள் என்று மாரிக்கிளி சத்தியம் செய்வாள், அவள் பேருந்துக்குள் இருந்தபோதிலும். ஆனால் அவள் சொன்ன சொல் எது என்பதில் மட்டும், என்னிடமுள்ள பதினொரு ஏடுகளிலும், பாடபேதம் இல்லை.

"பரவாயில்ல" என்றாள்.